தனபாக்கியம் அம்மாள் வாங்கிக்கொள்ளாத செய்தி

ஆரணி,
17 ஆகஸ்ட் 2003, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40 மணி.

பொருள் 1: தனபாக்கியம் அம்மாள் மறைவு

அன்புள்ள தம்பி சுந்தரத்துக்கும் தங்கை கமலாவுக்கும்,

சென்ற செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் 12ஆம் தேதி, நான் காலைக் காப்பி அருந்திக்கொண்டிருக்கையில் அவருடைய கொழுந்தனார் மகன் தேவராஜ் வந்து வாசலில் நின்றார். உள்ளே அழைத்தேன், அவர் செருப்பைக் கழற்றவில்லை. என்ன செய்தி என்பது அதிலேயே விளங்கிவிட்டது.

“பெரிம்மா போயிட்டாங்க ஐயா. விடியகாலம் காப்பி குடுக்கலாம்னு எழுப்பினோம். எழுந்துக்கல” என்றார்.

நோய்நொடி இல்லை. முந்தின நாள் மாலைவரை ராட்டையில் நெசவுக்கான நூல்தார் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வயது எண்பதுக்கு மேல் இருக்கும்; பிறந்த தேதி அவருக்கே தெரியாது என்பதால் நான் உறுதியாக எழுத இயலவில்லை. பொருள் 2, நம் வீட்டுக் கூடத்து ஓடு மாற்றுவது பற்றியது. அதை இதனோடு கலக்க மனமில்லாமல் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் அவரை அறிவீர்கள். நம் அப்பாவின் கதையையும் அறிவீர்கள். ஆயினும் உங்கள் பிள்ளைகள் படிக்க நேரலாம் என்பதால், நடந்ததை வரிசை தவறாமல் எழுதுகிறேன்.

அப்பாவும் ஏகாம்பரம் என்பவரும் 1944ஆம் ஆண்டு பர்மா எல்லையில் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். ஏகாம்பரம் ஆரணிக்காரர், நெசவுக் குடும்பம். ஓர் ஆற்றங்கரையில் வயிற்றில் குண்டு பாய்ந்து அப்பாவின் மடியில் உயிர் விட்டார். “என் வீட்ல சொல்லிடு” என்பது அவருடைய கடைசிப் பேச்சு. படை பின்வாங்கியதில் உடலை எடுக்க முடியவில்லை. அப்பாவும் காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். எனவே பட்டாளத்துக் கணக்கில் ஏகாம்பரம் காணாமற்போனவராகவே நின்றார்.

1946இல் பட்டாளத்திலிருந்து விடுதலையாகி ஊர் திரும்பும் வழியில் அப்பா ஆரணியில் இறங்கி விசாரித்தார். யாரும் காட்டவில்லை. பிறகு ரயில்வே வேலை கிடைத்து வடக்கே போய்விட்டார். அம்மா காலமான பின்பு, 1991இல், என்னோடு வந்து தங்கினார். நான் பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். வந்த மறுவாரமே தேடலைத் தொடங்கினோம். ஏகாம்பரம் என்ற பெயர் இவ்வூரில் தெருவுக்கு நான்கு. ஆகவே பெயரை மட்டும் சொல்லிப் பயனில்லை. சண்டையில் புருஷனைப் பறிகொடுத்த கைம்பெண் யாராவது உண்டா என்று நெசவாளர் தெருக்களிலெல்லாம் கேட்டோம். முன்னாள் படைவீரருக்கான அலுவலகத்திலும் கேட்டோம். அப்படி ஒருவரும் உதவிப் பணம் வாங்கவில்லை என்றார்கள். குடும்பமே அழிந்திருக்கும் என்று நான் முடிவு கட்டினேன். அப்பா முடிவு கட்டவில்லை.

1995 பிப்ரவரி 5, ஞாயிறு. தறிச் சத்தம் இல்லாத நாள். நான் மட்டும் போயிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் பாவு நூலைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர்தான் தேவராஜ். நான் கேட்டு முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்.

“நீங்க தாலி அறுத்தவங்கள கேட்டுகினு சுத்தினா எவன் சார் காட்டுவான்? பட்டாளத்துக்குப் போனவரு பொண்டாட்டின்னு கேளுங்க. தோ, உள்ள கீறாங்க எங்க பெரிம்மா. பூ வெச்சிகினு, பொட்டு வெச்சிகினு, ஜம்முனு.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். முகம் எனக்குத் தெரிந்த முகம். 1993 ஜூன் மாதம் என் மகள் கல்யாணத்தில் நலங்குக்கு முதல் மஞ்சள் வைத்தவர் அவர்தான். இந்தப் பக்கத்தில் எந்தக் கல்யாணமானாலும் முதல் சுமங்கலியாக அவரைத்தான் அழைப்பார்கள். நாலாண்டுகளாக நாங்கள் ஒரு கைம்பெண்ணைத் தேடியிருக்கிறோம். ஊராரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை.

“பதிவாபீஸ் ஐயாவா? பொண்ணு புருஷன் ஊட்ல நல்லா கீறாளா?” என்றார் ராட்டையை நிறுத்தாமல்.

நல்லபடி இருக்கிறாள் என்றேன். பிறகு, என் தகப்பனார் அவருடைய கணவரோடு பட்டாளத்தில் இருந்தவர் என்று சொன்னேன். ராட்டை நின்றது.

“உசரமா இருப்பாரா? எடது புருவத்துல வெட்டு?”

ஆம் என்றேன்.

“சண்ட முடிஞ்சி மறு வருசம் வந்தாரு. இதே வாசல்ல நின்னு தண்ணி கேட்டாரு. குடுத்தேன். குடிச்சிட்டு, எங்க ஊட்டுக்காரரு பேர சொல்லி, அந்த விதவப் பொண்ணு எந்த ஊடுன்னு கேட்டாரு. அப்பிடி யாரும் இந்தத் தெருவுல இல்லன்னேன். பொய்யாங்க அது? அப்பிடி யாரு இருந்தா?”

அவரே தொடர்ந்தார். ஆளைக் காணோம் என்றுதான் சர்க்கார் காகிதம் சொன்னதாம். கைம்பெண் என்று கைநாட்டு வைத்தால் மாதாமாதம் பணம் வரும் என்று யாரோ வந்து சொன்னபோது, மாமியாரே முறத்தை எடுத்துக்கொண்டு விரட்டினாராம். “நூலு அறுந்தா முடிச்சி போடலாம். அறுந்துச்சான்னே தெரியாததுக்கு எவ முடிச்சி போடுவா?” என்றார். அவர் சொன்னவற்றில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். அவரைத் தடுத்து உட்கார வைக்க எனக்கும் என் மனைவிக்கும் வெகு பாடாயிற்று.

“நான் அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்” என்றார்.

“நீங்க போய்ச் சொன்னா நாளைக்கே அந்தம்மா பொட்டை அழிச்சாகணும். ஒரு கல்யாணத்துக்கு முன்னால வந்து நிக்க முடியாது. சம்மதமா?” என்றேன்.

“சொல்லாம செத்தா, ஏகாம்பரத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அப்பா, அந்த அம்மாள் இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நான் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்பைத் தனபாக்கியம் அம்மாளே சொன்னார். பிப்ரவரி 10ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, தலை நிறையக் கதம்பத்தோடு நம் வீட்டுக்கு வந்து அப்பாவின் எதிரே அமர்ந்தார்.

“நீங்க எடுத்துகினு வந்தது எனக்கு வேணாங்க அண்ணே. மத்ததெல்லாம் குடுங்க. என்னா சாப்டாரு, என்னா பேசினாரு, எப்பிடி தூங்கினாரு, எல்லாம் கேக்கறேன். அந்த ஒரு நாள மட்டும் எடுக்கக் கூடாது.”

அப்பா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு பேசத் தொடங்கினார். ஏகாம்பரம் கிழிந்த சட்டையை நெசவு போலவே இழையோட்டித் தைத்ததும், அதைப் பார்த்து வெள்ளைக்காரத் துரை தன் சட்டையையும் கொண்டுவந்து கொடுத்ததும், ரொட்டியைக் கண்டாலே முகம் சுளித்ததும், வீட்டுக்காரிக்குக் கோபம் வந்தால் குழம்பில் உப்புப் போடமாட்டாள் என்று சொல்லிச் சிரித்ததும் ஒவ்வொன்றாக வந்தன.

“அதயா அங்க போய் சொல்லிகினு இருந்தாரு?” என்று அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பேச்சு ஆற்றங்கரையை அடைந்ததும் அப்பா நின்றார்.

“இன்னும் கீதுங்களா?”

“இருக்கு.”

“அது உங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்த வெள்ளிக்கெழம வரேன்.”

வந்தார். அப்பா காலமாகும்வரை வெள்ளிதோறும் வந்தார். சொல்வதற்குப் புதிதாக ஏதும் இல்லாமல் அப்பா சொன்னதையே சொல்வார். அந்த அம்மாள் விடமாட்டார். “போன வாரம் அவரக்கான்னீங்க, இப்ப கத்திரிக்கான்றீங்க. எது அண்ணே?” என்பார். அப்பா நினைவைத் துழாவி, ஏகாம்பரம் சாப்பிட்டது அவரைக்காய்தான் என்று ஒப்புக்கொள்வார். கமலா, 1997 பொங்கலுக்கு வந்திருந்தபோது நீயே இதைக் கேட்டுச் சிரித்தாய். அப்பாவிடம் யாரும் அவ்வளவு கறாராக இருந்து நான் பார்த்ததில்லை. நானும் கறாரான ஆள்தான்.

அப்பா காலமானது 1998 செப்டம்பர் 3, வியாழக்கிழமை. அன்று தனபாக்கியம் அம்மாள் வந்து கூட்டத்தின் ஓரமாக நின்றார். பெண்கள் அழுதார்கள், அவர் அழவில்லை. புறப்படும்போது என்னைத் தனியே அழைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவருக்கு உங்கப்பா தண்ணி குடுத்தாருங்களா?”

“குடுத்தார்” என்றேன். அப்பா என்னிடம் சொன்னதும் அதுவே.

“அப்ப சரிங்க” என்று சொல்லி நடந்துவிட்டார். அதன் பிறகு ஐந்தாண்டுகளில் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நெற்றியில் பொட்டும் குறையவில்லை. அவர் அறிந்திருந்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் கேட்டது எது, நான் சொன்னது எது என்பதை எழுதிவிட்டேன். அதற்கு மேல் எனக்குச் சாட்சி இல்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவரை எடுத்துச் சென்றார்கள். மஞ்சள் பூசி, அரக்குச் சிவப்புப் பட்டு உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் இட்டிருந்தார்கள். எந்தப் புடவை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. தெருப் பெண்கள் வரிசையாக வந்து அவர் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் மனைவியும் ஒற்றிக்கொண்டாள். உண்மை தெரிந்தவள் அவள்.

மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, தேவராஜ் காரியப் பத்திரிகையின் அச்சுப் படியை எடுத்துக்கொண்டு வந்தார். பிழை பார்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

“அச்சாபீஸ்ல ஒண்ணு கேக்கறாங்க ஐயா. பெரியப்பா பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ போடணுமா, சும்மா வுட்றலாமா? எங்க ஊட்ல யாருக்கும் தெரியல. உங்க அப்பாவுக்குத் தெரியும்னு பெரிம்மா ஒரு தபா சொன்னாங்க.”

பென்சில் என் கையில் இருந்தது. ஏகாம்பரம் இறந்த ஆண்டு, மாதம், தேதி, ஏறக்குறைய நேரமும் எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றை விட்டுவிட்டு எழுதப்பட்ட பத்திரத்தை நான் பணியில் இருந்த காலத்தில் திருப்பி அனுப்பாமல் இருந்ததில்லை.

“உங்க பெரியம்மாவா இருந்தா என்ன போடச் சொல்லுவாங்க?” என்று கேட்டேன்.

“பெரிம்மாவா? அவுரு பேரையே வாயால சொல்ல மாட்டாங்க. போட்டது பத்தலன்னு முன்னால ‘திரு’ போட சொல்லுவாங்க.”

“அப்ப ‘திரு’ போடுங்க. வேறெதுவும் வேண்டாம்” என்றேன்.

தானப் பத்திரம் ஒன்றை எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும், பெறுபவர் ஏற்றுக்கொண்டதாக அதில் இல்லையென்றால் அது செல்லாது. எத்தனையோ பேருக்கு இதை எடுத்துச் சொன்னவன் நான். செய்திக்கும் அதே விதி உண்டு என்பதைத் தனபாக்கியம் அம்மாளிடம்தான் தெரிந்துகொண்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான்.

நீங்கள் இருவரும் 27ஆம் தேதி, புதன்கிழமை, காரியத்துக்கு வருவீர்கள். அன்று தேவராஜோ மற்றவர்களோ கேட்டால், அவரைக்காயைச் சொல்லுங்கள், சட்டை தைத்ததைச் சொல்லுங்கள். ஆற்றங்கரை நம் குடும்பத்துக்குள்ளேயே நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன்.

இத்துடன் இணைத்திருப்பவை:

1. 1993ஆம் ஆண்டுக் கல்யாணப் புகைப்படத்தின் நகல், ஒன்று. மஞ்சள் கிண்ணத்தோடு நிற்பவர் தனபாக்கியம் அம்மாள்.

2. பொருள் 2 குறித்த தனித்தாள்.

3. காரியப் பத்திரிகை, ஆளுக்கு ஒன்று. “திரு. ஏகாம்பரம் அவர்களின் மனைவி” என்று அச்சாகியிருக்கிறது. பிழை ஏதுமில்லை, நானே சரிபார்த்தேன்.