தொரைக் கத்தி

ஹல்துமுல்லையில் பஸ் பத்து நிமிடம் நிற்கிறது. சாலையோரம் பலாப்பழம் விற்கும் அக்கா, பிசின் ஒட்டாமலிருக்க, மரப்பிடி போட்ட மலிவுக் கத்தியில் எண்ணெய் தடவிப் பழத்தைப் பிளக்கிறார். என் வெளிநாட்டு மடக்குக் கத்திக்கு எண்ணெயெல்லாம் எதற்கு? பெருமையாகப் பாதிப் பழத்தில் இறக்குகிறேன். மடிப்பில் பிசின் ஏறி, கத்தி மடங்க மறுக்கிறது.

பஸ் உறுமுகிறது. “கத்திய விரிச்சுக்கிட்டு ஏறாதீங்க சார்!” என்று கண்டக்டர் வழியை மறிக்கிறார்.

“ஒங்களது தொரைக் கத்தி சார், ஒரு பழத்துக்கே மொரண்டு புடிக்குது. என்னோடது ஏழு வருசமா ஒழைக்குது, மடங்கவே தெரியாது” என்று சிரிக்கும் அக்கா, என் கத்தியை அந்தப் பாதிப் பழத்துக்குள் பிடிவரை சொருகுகிறார். “இப்ப ஏறுங்க. பழத்துக்குக் காசு குடுத்துட்டு.”

பழம் மடியில் பயணிக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு சுளை கேட்கிறார்.

“கத்தி இல்லீங்களே” என்கிறேன், பிடியைக் கையால் மறைத்தபடி.