கழுவக் கழுவ வந்த மிஸ்ஃபயர்

"மார்ச், முதலாவது செவ்வாய். கார், பெட்ரோல், நான்கு சிலிண்டர். குறை: மூன்றாம் சிலிண்டர் மிஸ்ஃபயர். செய்ய வேண்டியது: எஞ்சின் மாற்றுதல்."

இது எங்கள் கராஜின் ஜொப் கார்ட் ஒன்றில் முதலாளி தம் கையாலேயே எழுதியது. ஆண்டு இல்லை. எங்கள் கார்டுகளில் ஆண்டு எழுதும் வழக்கம் கிடையாது. நாங்கள் பார்த்த வண்டிகள் அடுத்த ஆண்டு வரை ஓடும் என்ற நம்பிக்கை அவருக்கே இருக்கவில்லை போலும். நடந்தது சென்ற ஆண்டு; அதை நான் பென்சிலால் சேர்த்து வைத்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள், ஒரு நல்ல எஞ்சினுக்கு எப்படி மரண தண்டனை எழுதப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

1. ஸ்கேனர் சொன்ன வேதம்

கராஜ் பலாபத்வலவில், ஏ-ஒன்பது வீதியோரம். முதலாளிக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, வண்டியில் செருகினால் குறையைத் திரையில் காட்டும், புதிதாக வாங்கிய ஸ்கேனர். மற்றது, இலவச வொஷ். எந்த வண்டி வந்தாலும் பொனட்டைத் திறந்து, எஞ்சினைப் பிரஷர் பைப்பால் கழுவிய பிறகே உள்ளே எடுக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் முன்னும் அப்படியே. கழுவுவது நஸீரின் வேலை. எலுமிச்சை வாசம் வரும் ஷாம்பூ, பளபளக்கும் எஞ்சின், சிரித்துக்கொண்டு போகும் வாடிக்கையாளர். எஞ்சின் ஓடுகிறதா என்பது அடுத்த கேள்வி.

ஸ்கேனருக்குப் பொறுப்பு தினேஷ். வெளிநாட்டில் இரண்டு ஒப்பந்தம் முடித்து வந்தவன். கையில் கிரீஸ் படுவது தன் தகுதிக்குக் குறைவு என்று நினைப்பவன். பெட்ரோல் கார்கள் எல்லாம் அவனுக்கு. எனக்கு லொறி கியர்பொக்ஸ். "பாஸ், ஒங்களுக்கு இந்தக் கம்பியூட்டரு வண்டியெல்லாம் சரிவராது" என்று முதலாளி அன்போடு ஒதுக்கி வைத்திருந்தார். மெக்கானிக்குக்கு எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் பெயர்.

அந்தக் கார் ரெஜினா டீச்சருடையது. அலுவிகாரையில் வீடு, பல்லேபொல பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறார். அங்கே சாதாரண தரத்துக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க அவரைத் தவிர ஆள் இல்லை. காலை பஸ்ஸை நம்பினால் முதற்பாடம் போய்விடும். எனவே அந்தக் கார்.

பெப்ரவரியில் சாதாரண சேர்விஸுக்குத்தான் கொண்டுவந்தார். அதன் பிறகு கார் நடுங்கத் தொடங்கியது. ஏற்றத்தில் இழுவை இல்லை. எஞ்சின் விளக்கு கண் சிமிட்டியது. சனிக்கிழமை கொண்டுவந்தார். தினேஷ் ஸ்கேனரைச் செருகினான்.

"சிலிண்டர் மூணு மிஸ்ஃபயர். ப்ளக் போயிருச்சு டீச்சர்."

ஸ்கேனர் சொன்னது மூன்றாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பதை மட்டும். ப்ளக் போய்விட்டது என்று சொன்னது தினேஷ். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கராஜில் யாருக்கும் தேவைப்படவில்லை. ப்ளக் மாற்றினார்கள். கழுவிக் கொடுத்தார்கள். மறுபடி நடுங்கியது. அடுத்த சனிக்கிழமை, ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலை மாற்றினார்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய கொயில். கழுவிக் கொடுத்தார்கள். நடுங்கியது. பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். அதற்கும் வொஷ் உண்டு.

மாற்றுவதற்கு இனி எதுவும் இல்லை என்ற நிலையில், முதலாளி எஞ்சினையே மாற்றச் சொன்னார். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம், போய்விட்டதாம். அளந்து பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அளக்க என்னத்துக்கு பாஸ்? எல்லாம் மாத்தியாச்சு. மிச்சம் எஞ்சின் மட்டுந்தானே?"

தர்க்கத்தில் இப்படியொரு வழி இருப்பதை நான் வாசித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. மத்தியான இடைவேளையில் நானே கேஜைப் போட்டு அளந்தேன். நான்கு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவு, எஞ்சினில் பழுது இல்லை. முதலாளியிடம் காட்டினேன். கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேஜ் பழசு பாஸ்."

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ரீகண்டிஷன் எஞ்சினுக்குச் சொல்லியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமைக்கான கார்டையும் முதலாளி முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். அது வந்து சேரும் வரை டீச்சர் அதே காரில் போய் வரலாம் என்றார்கள். திங்கள் மாலை, வழக்கம்போல் கழுவிக் கொடுத்தார்கள். சாகப் போகிற எஞ்சினுக்குக் கூட அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை.

2. கழுவாத வண்டி

செவ்வாய் காலை. நீலப் பொலித்தீனில் சுற்றிய எஞ்சின் லொறியில் வந்து இறங்கியது. சற்று நேரத்தில், மூன்று காலில் நொண்டும் மாடு போல டீச்சரின் காரும் வந்து நின்றது. அலுவிகாரை தாண்டியதுமே நடுங்கத் தொடங்கிவிட்டதாம். முதலாளி இன்னும் வரவில்லை. தினேஷ் தேநீர் குடிக்கப் போயிருந்தான்.

டீச்சர் இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினார்.

"பாஸ், இனி என்னால முடியாது. புள்ளைங்க வகுப்புல குந்திக்கிட்டு இருக்குங்க, நான் ரோட்டுல நிக்கிறேன். எஞ்சின் மாத்துறதுன்னா மாத்துங்க. அதுக்குப் பொறகும் இப்படின்னா இடமாற்றத்துக்கு எழுதிக் குடுத்துட்டு டவுன் பள்ளிக்கூடத்துக்கே போயிருவேன்."

"டீச்சர், ஒண்ணு கேக்கிறேன். இது எப்ப தொடங்கிச்சு?"

அவர் என்னை முறைத்தார். "இத்தன நாளா அத ஒருத்தரும் கேக்கல, தெரியுமா? நீங்க சேர்விஸ் பண்ணிக் குடுத்தீங்களே, அதுக்கு மறுநாள் காலையில. அதுக்குப் பொறகும் அப்படித்தான். இங்க இருந்து எடுத்துட்டுப் போனா மறுநாள் காலையில நடுங்கும். ஒங்க கராஜுக்கு வராட்டி என் காருக்கு ஒண்ணும் இல்லியோன்னு எனக்கே ஒரு நெனப்பு."

அதற்குள் நஸீர் பைப்போடு வந்துவிட்டான்.

"நஸீர், கழுவாத. அப்படியே உள்ள எடு."

"என்ன பாஸ் சொல்றீங்க? மொதலாளி கண்டா வண்டிய விட்டுட்டு என்னயக் கழுவுவாரு!"

"கழுவட்டும். நீயும் கொஞ்சம் வாசமா இருப்ப."

காரை உள்ளே எடுத்தோம். மூன்றாம் சிலிண்டர் கொயிலைக் கழற்றி மேலே இழுத்தேன். அடியிலுள்ள ரப்பர் குழல் நனைந்திருந்தது. ப்ளக் இருக்கும் குழிக்குள் டோர்ச் அடித்தேன். அடியில் தண்ணீர், தண்ணீரின் மேல் நுரை. விரலை விட்டு எடுத்து மணந்து பார்த்தேன். எலுமிச்சை.

டீச்சரிடம் விரலை நீட்டினேன். அவரும் மணந்து பார்த்தார்.

"இது ஒங்க ஷாம்பூ இல்லியா?"

"எங்க ஷாம்பூதான் டீச்சர்."

கொயிலின் தலையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். குழிக்குள் தண்ணீர் இறங்காமல் மூடுவது அதுதான். டீச்சரின் பழைய கொயிலை மூலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வளையம் வெடித்திருந்தது. தினேஷ் மாற்றிய ஜப்பான் கொயிலில் வளையமே இல்லை. கிட்ட வைத்துப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் ஸ்கேனரில் ரப்பர் வளையம் தெரியாது. கழுவும்போது தண்ணீர் இறங்கி, இரவில் ரப்பர் குழலுக்குள் ஊறி, ப்ளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியே வெளியே ஓடியிருக்கிறது. கார் ஓட ஓடச் சூட்டில் தண்ணீர் வற்றும். ஆனால் ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் கருகிய கோடு ஒன்று தங்கிவிடும். காய்ந்த பிறகும் மின்சாரம் அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டு ஓடும். டீச்சர் வழக்கமாகச் சனிக்கிழமை வருவதற்குள் குழி காய்ந்துவிடும். காயாத இடம் ஏதாவது மிஞ்சியிருந்தாலும் அதை நஸீர் வாசலிலேயே நிரப்பிவிடுவான். குழிக்குள் எப்போதும் வொஷ் தண்ணீர்தானே என்று ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

3. குறை நடந்து போனது

முதலாளி வந்தார். முதலில் பார்த்தது அழுக்கு எஞ்சினைத்தான்.

"யாரு கழுவாம எடுத்தது?"

சொன்னேன். நுரையைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. "தண்ணியில எஞ்சின் கெட்டா மழைக்கு ஒரு வண்டியும் ஓட ஏலாதே?" என்றார். தினேஷும் வந்து, கையில் தேநீர்க் கோப்பையோடு தலையாட்டினான்.

பேசிப் பயனில்லை. குழியைக் காற்றடித்துக் காய வைத்தேன். புதிய ப்ளக் போட்டேன். வளையம் இல்லாத கொயிலை முதலாம் சிலிண்டருக்கு மாற்றி, அங்கிருந்த நல்ல கொயிலை மூன்றாவதில் வைத்தேன். ஸ்டார்ட் செய்தோம். எஞ்சின் சீராக ஓடியது. நிறுத்தினேன்.

"நஸீர், இப்ப கழுவு. மொதலாளிக்குப் புடிச்ச மாதிரி நல்லாக் கழுவு."

கொயில்களின் மேலேயே பைப்பைப் பிடித்துக் கழுவினான். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் கார் நடுங்கியது. தினேஷ் ஸ்கேனரைச் செருகினான். சிலிண்டர் ஒன்று என்று காட்டியது.

தினேஷின் முகம் மாறியது. "அப்ப ஒண்ணாவதும் போயிருச்சா பாஸ்?"

டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தம்பி, அப்படியே ரெண்டையும் நாலையும் போக வச்சிட்டீங்கன்னா மொத்தமா மாத்திரலாம்."

கொயிலோடு சேர்ந்து குறை நடந்து போனதை முதலாளி புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். புரிந்ததை ஒப்புக்கொள்வது வேறு வேலை. அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "சரி, வளையத்தோட ஒரு கொயில் போட்டுக் குடுங்க" என்றுவிட்டு அலுவலகத்துக்குள் போனார். போட்டேன். டீச்சர் இரண்டாம் பாடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தக் கார் அதே எஞ்சினோடு இன்றும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் பல்லேபொல போகிறது. கழுவக் கொடுப்பதில்லை.

இலவச வொஷ் நிற்கவில்லை. "வொஷ்தான் நம்ம மரியாத" என்றார் முதலாளி. நான் நஸீரிடம் சோற்றுப் பார்சல் கட்டும் மெல்லிய பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை ஒரு கட்டு வாங்கிக் கொடுத்து, கொயில்களை அதால் மூடிவிட்டுக் கழுவச் சொன்னேன். முதலாளி பார்க்கும்போது எடுத்துவிடுகிறான்.

புதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. ஸ்கேனர் எங்கே என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதற்கு வண்டி ஓட்டுகிறவரிடம் எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். ஒரு பாகத்தை வாங்கும் முன் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. நீலப் பொலித்தீனில் வந்த எஞ்சினைத் திருப்பி எடுக்க விற்றவர் சம்மதிக்கவில்லை. சில வாரம் மூலையில் கிடந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்பே ஊருக்குப் போன நான் விடுமுறை முடிந்து வந்தபோது அது அங்கே இல்லை. டீச்சரின் காரைப் போன்றே ஒரு காரை மிளகு வியாபாரி ஒருவர் சேர்விஸுக்குக் கொண்டுவந்தார் என்றும், அது மறுநாளே நடுங்கியது என்றும், விடுமுறைக்கு முன் எஞ்சின் மாற்றிக் கொடுத்தார்கள் என்றும் நஸீர் சொன்னான். அந்தக் காரை நான் பார்க்கவில்லை. கழற்றிய எஞ்சினையும் காணவில்லை. அதன் ப்ளக் குழிக்குள் எலுமிச்சை மணத்ததா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.