பேசிக்கொண்டே ஏறும் வேகம்

முதலில் வந்தது வலி இல்லை, இடது தாடையில் ஓர் இறுக்கம். கலிஃபோர்னியாவில், எங்கள் ஃப்ரீமான்ட் அபார்ட்மென்ட்டில் மாடிப்படி ஏறினால் வரும், நின்றால் போய்விடும். சைவச் சாப்பாடு, சிகரெட் கிடையாது, வயது நாற்பத்தொன்று. கேஸ்தான் என்று நானே முடிவுகட்டி இரண்டு நாள் ஓம வாட்டர் குடித்தேன். மனைவி வசந்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆபீசுக்கு விடமாட்டாள். கம்பெனி வழியாக விண்ணப்பித்த கிரீன் கார்டு கைக்கு வரும்வரை லீவு கேட்கவே எனக்குப் பயம். இதைப் படிக்கும்போது உங்கள் கையில் ஓம வாட்டர் இருந்தால் தயவுசெய்து கீழே வையுங்கள்.

மூன்றாம் நாள் ஆபீஸ் பார்க்கிங்கில் விழுந்தேன். ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி இதயக் குழாய்களைப் படமெடுப்பது) மூன்று அடைப்புகளைக் காட்டியது. பைபாஸ் (காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுவழி தைப்பது) செய்தார்கள்.

வீடு திரும்பியபின் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கிரீன் கார்டு தபால் வந்ததா என்று ஒரு மணி நேரத்தில் மூன்று முறை பார்ப்பேன். வசந்தா சாப்பாடு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், பேச மட்டும் மாட்டாள். "ரெண்டு நாள் பக்கத்துலயேதான இருந்தேன், என்கிட்ட சொல்லல" என்று ஒருமுறை சொன்னதோடு சரி.

ஆறாவது வாரம், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குன்றில் தொந்தரவில்லாமல் ஏறிவிட்டால் வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். "பேசிக்கொண்டே ஏறுங்கள். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். தனியாகப் போகாதீர்கள்."

ஃப்ரீவேயில் போகிற யாரும் திரும்பிப் பார்க்காத மொட்டைக் குன்று அது. சனிக்கிழமை காலையில் கிளம்பி, குன்றடியில் இருந்த வேலியைத் தாண்டி ஏறத் தொடங்கினோம். புடவை, ஸ்வெட்டர், ஸ்னீக்கர்ஸில் வசந்தா. பேச ஒன்றும் தோன்றாமல் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஏறினேன்.

"வாய்ப்பாடெல்லாம் கணக்குல வராது. பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"அந்த ரெண்டு நாளப் பத்திப் பேசுங்க."

சொன்னேன். ஓம வாட்டர் பாட்டிலை டிராயரில் ஒளித்தது வரை சொன்னேன். இரண்டாவது வளைவில் உப்புப் பாத்திகளும், கழிமுகத்தில் வடிந்துகொண்டிருந்த தண்ணீரும் தெரிந்தன. உச்சிக்கு இன்னும் நாற்பது அடிதான். தாடை இன்னும் இறுகியது. திங்கட்கிழமை ஆபீஸ் கண்முன் நின்றது. குரலை உயர்த்தி மேலும் பேசினேன். என்னையே நம்பி அவள் தலையாட்டிக்கொண்டு வந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வசந்தா, தாடை இறுக்குது."

புல்லில் உட்காரவைத்து, நாக்கடியில் நைட்ரோகிளிசரின் (ரத்தக் குழாயைத் தளர்த்தும் மாத்திரை) வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கணக்கிட வாட்ச்சைப் பார்த்தாள்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"இப்பதான்." அவள் கையைப் பிடித்து, "இல்ல, கீழ வேலிகிட்டயே" என்றேன்.

"சரி" என்றாள். திட்டவில்லை. ஐந்து நிமிடத்தில் இறுக்கம் விட்டது. அப்படியே இறங்கினோம். வேலைக்குப் போவது மேலும் ஒரு மாதம் தள்ளிப்போனது.

பிறகு அந்த உச்சிக்குப் பல முறை போயாயிற்று. இன்றும் நான் அவசரக்காரன்தான். ஆனால் தாடையில் லேசாக ஏதாவது தெரிந்தாலும் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வாட்ச்சைப் பார்த்தபடி பக்கத்தில் உட்காருவாள். அந்த ஐந்து நிமிடம் நான் எங்கேயும் போக வேண்டியதில்லை.