லெஃப்ட் கார்னரில் ஒரு சிறப்பு விருந்தினர்

போன ஞாயிற்றுக்கிழமை நான் கபடி ஆடினேன்.

சிரிக்காதீர்கள். இந்தத் தொப்பையோடு, கஞ்சி போட்ட வேட்டி சட்டையோடு, தோளில் பொன்னாடையோடு ஆடினேன். யாரும் கூப்பிடாமல், ஆடுகிறோம் என்றே தெரியாமல் ஆடினேன். அதுதான் விசேஷம்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நினைவுக் கபடிப் போட்டி. கார்த்தி அந்த ஊர்ப் பையன், ராணுவத்தில் இருந்தவன். எல்லையில் நடந்த சண்டையில் குண்டு பட்டு இறந்துபோனான். வீட்டில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவனோடு ஆடிய பையன்கள் வருடாவருடம் அவன் பெயரில் போட்டி நடத்துகிறார்கள். அணியின் கேப்டன் செல்வம் போன் செய்து, இந்த வருடம் நான்தான் சிறப்பு விருந்தினர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உடனே உட்கார்ந்து உரை தயாரித்தேன். இரண்டு சிங்கம், ஒரு புலி, ஓர் இமயமலை... ஒன்றையும் விடவில்லை. கார்த்தி எப்படிப்பட்ட பையன் என்று செல்வத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டேனா? சிங்கம் கைவசம் இருக்கும்போது விவரம் எதற்கு!

தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் மைதானம். ஃபிளெக்ஸில் ராணுவ உடுப்போடு கார்த்தி சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே, அவனைவிடப் பெரிதாக, நான். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். போட்டோ நன்றாக விழுந்திருக்கிறதே என்றுதான் தோன்றியது. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் கார்த்தியின் அம்மா முத்துராக்கு உட்கார்ந்திருந்தார். கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

முதல் ஆட்டம் உள்ளூர் அணிக்கும் தொண்டி அணிக்கும். வீரர்களுக்குக் கை கொடுக்க என்னைக் கோட்டுக்குள் கூட்டிப்போனார்கள். கொடுத்து முடித்தேன். செல்வத்தின் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். இடது கோடியில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற இடம் காலி. போட்டோகிராபர் வேறு கேமராவைத் தூக்கிவிட்டார். இத்தனை வருடமாகப் பத்தி எழுதுகிறவனுக்கு என்ன தோன்றும்? கேமராவுக்கு முன்னால் இடம் காலியாக இருந்தால், அது நமக்காக விட்ட இடம்தானே!

போய் நின்றேன். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

நடுவர் என்னைப் பார்த்தாரோ பார்க்கவில்லையோ, விசில் அடித்துவிட்டார். தொண்டிப் பையன் ஒருவன் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு வந்தான். அவன் யாரையும் தொடவில்லை. அவனையும் யாரும் பிடிக்கவில்லை. நேரே என் முன்னால் வந்தவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு குனிந்து, என் காலடி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஆகா... தொண்டியில்கூட நமக்கு வாசகர்களா! நெகிழ்ந்துபோய்க் கையைத் தூக்கி, நல்லா இரு தம்பி என்று ஆசீர்வாதம் பண்ணினேன்.

மைதானம் கப்சிப். கமெண்டரி சொல்லிக்கொண்டிருந்தவர்கூட மைக்கை இறக்கிவிட்டார். எல்லாம் என் மேல் உள்ள மரியாதை என்று நினைத்தேன். செல்வம் மெல்ல வந்து என் காதோரம் குனிந்தான்.

"அண்ணே... அது கார்த்தி எடம்ணே."

கார்த்தி லெஃப்ட் கார்னர், அந்த இடது கோடியில் நின்று ஆடியவன். அவன் போனதிலிருந்து முதல் ரெய்டுக்கு அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்களாம். எதிரணிப் பையன் பாடி வந்து, அந்த மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவானாம். அதற்குப் பிறகுதான் அங்கே ஆள் இறங்கும். எந்த ஊர் அணி வந்தாலும் இதுதான் வழக்கம். சிறப்பு விருந்தினரைத் தவிர அங்கே எல்லோருக்கும் இது தெரியும்.

நாட்டுக்காக உயிரை விட்ட பிள்ளைக்குச் சேர வேண்டிய கும்பிடு. அதை வழியில் நின்று வாங்கி, ஆசீர்வாதமும் பண்ணி அனுப்பியிருக்கிறேன். கூனிக்குறுகிப் போனேன்.

நேரே முத்துராக்குவிடம் போனேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. பாவி, பெற்றவளை இத்தனை பேர் முன்னால் அழவைத்துவிட்டேனே என்று பதறிப்போய்ப் பக்கத்தில் குனிந்தால்... சிரிக்கிறார்!

"விடுங்கண்ணே. அவனும் இப்பிடித்தான். போட்டோன்னா முந்திக்கிட்டுப் போயி நிப்பான்."

சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வருசாவருசம் அந்த வெத்து எடத்தப் பாக்க முடியலண்ணே. பயலுக பாசமாச் செய்யிறானுக, வேணாம்னு எப்பிடிச் சொல்ல? இன்னைக்கித்தான் அங்கன ஒரு ஆளு நின்னுச்சு."

பிறகு எதற்கு வருடம் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்கிறார்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"இந்த ஆட்டத்துல வெளிய போன பய திரும்ப உள்ள வந்துருவான்லண்ணே. அதப் பாக்கத்தான் வாரேன்."

கபடி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அவுட்டானவன் கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். அவன் அணிக்காரர்கள் எதிரணியில் ஒருவனை அவுட்டாக்கினால், அவன் எழுந்து உள்ளே வரலாம். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த விதிதான். அதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு என்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

முத்துராக்கு செல்வத்தைக் கூப்பிட்டார். இனிமேல் முதலிலிருந்தே அங்கே ஆளை நிறுத்தித்தான் ஆட வேண்டும் என்றார். செல்வம் மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவன் ரைட் கார்னர். கார்த்தியும் அவனும் சின்னதிலிருந்தே ஜோடி.

"ஏலே, அத்த சொல்றேன்ல. ஆளப் போடுறா."

பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். லெஃப்ட் கார்னரில் ஒரு பையனை நிறுத்தினான்.

நடுவில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். சிங்கமும் புலியும் சட்டைப்பையிலேயே படுத்துக்கொண்டன. கார்த்தியின் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், அதற்கு நான் லாயக்கில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வாழ்நாளில் அவ்வளவு கைதட்டல் வாங்கியதில்லை. சீக்கிரம் முடித்ததற்காகவும் இருக்கலாம்!

மறுபடி விசில். லெஃப்ட் கார்னர் பையன் சீக்கிரமே அவுட்டாகி வெளியே வந்து உட்கார்ந்தான். முத்துராக்கு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அடுத்து செல்வம் பாடிப் போனான். ஒருவனைத் தொட்டுவிட்டு, இழுத்தவர்களை உதறிக்கொண்டு கோட்டின் மேல் வந்து விழுந்தான். பாயிண்ட்! வெளியே இருந்த பையன் எழுந்து, புழுதி பறக்க உள்ளே ஓடினான்.

"வந்துட்டான்" என்றார் முத்துராக்கு. யாரிடமும் சொல்லவில்லை.

ஆசீர்வாதம் பண்ணிய கையை மடியில் ஒளித்துக்கொண்டு, நானும் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.