போரும் ஒரு பக்கக் கிருதாவும்

பஞ்சுக்கை என்று தெருவே அழைத்த அந்த முடிதிருத்துபவரின் சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்து போயிருக்கும். அவர் கத்தி வைப்பது தாடிக்கே தெரியாது. ஒருவர் கன்னத்தில் உட்கார்ந்திருந்த ஈயை எழுப்பாமலே சுற்றிச் சவரம் செய்தாராம். ஈக்கும் சேர்த்து மீசை ஒதுக்கினார் என்பது மட்டும் கொஞ்சம் மிகை.

அப்பேர்ப்பட்ட கை, மகள் நர்ஸாக வேலை பார்க்கும் நாட்டில் போர் மூண்டதும் ஆடத் தொடங்கியது.

பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசியில் விடிந்ததிலிருந்து குண்டு வெடித்தபடி இருந்தது. ஒரே கட்டடம் காலையில் ஒரு சேனலில் இடியும், மத்தியானம் இன்னொன்றில் இடியும். அவருக்கு ஒவ்வொரு முறையும் அது புதுக் கட்டடம்தான். சன்னல் சன்னலாக மகளைத் தேடுவார். கண்ணை எடுத்தால் அந்த நொடியில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று வெளியே சொல்லாத ஒரு பயம். சோறு இறங்கவில்லை, தூக்கம் அண்டவில்லை. வந்தவர்கள் ஒரு கிருதா காதோரமும் இன்னொன்று நெற்றியோரமுமாக வீடு திரும்பினார்கள்.

அன்று நாற்காலியில் மனைவியின் தம்பி, முகமெல்லாம் நுரை. கைபேசியில் அபாயச் சங்கு அலறியது. பஞ்சுக்கை கத்தியும் கையுமாக நாற்காலிக்கடியில் புகுந்துவிட்டார்.

"மாமா! சங்கு அங்க ஊதுது. இங்க எனக்கு ஊதிடாதீங்க!"

"சும்மா இருடா. அவ இருக்கிற பக்கம்டா அது."

"அப்ப அவளுக்கே போன் போட்டுக் கேளுங்களேன்."

"போட்டா இந்த வீடியோ நின்னுடும்ல?"

அதற்குள் மனைவி தன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டிலிருந்து ஓடி வந்தாள். "இந்தாங்க, உங்க பொண்ணு அழுவுறா. அப்பா உசுரோட இருக்காரான்னு கேக்குறா!"

"எனக்கென்னடி?"

"எத்தனை தடவைப்பா கூப்பிடுறது? கட் பண்ணிக்கிட்டே இருக்கீங்க" என்றது மகளின் குரல். "மயங்கி விழுந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

படம் நடுவில் நிற்கிறதே என்ற எரிச்சலில் யாரென்றுகூடப் பார்க்காமல் அவர் தள்ளிவிட்ட அழைப்புகள்! பஞ்சுக்கை ஊர்ந்து வெளியே வந்தார்.

"நீ நல்லாருக்கியாம்மா?"

"பயமாத்தான் இருக்கு. ராத்திரி எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு அடியிலதான் படுக்குறோம். பெரிய டாக்டர் விடுற குறட்டையில குண்டுச் சத்தமே கேக்கல. அப்பா, நீங்க பாக்குற வீடியோவுல நான் வரமாட்டேன். போன்லதான் வருவேன். எடுங்க."

பஞ்சுக்கை வீடியோவை மூடித் தன் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, மனைவியின் கைபேசியைப் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்தார். "பேசிக்கிட்டே இரும்மா. உன் மாமாவுக்கு முடிச்சிடுறேன்."

மைத்துனன் தொண்டையைப் பொத்திக்கொண்டான். "மொதல்ல கைய நீட்டிக் காட்டுங்க."

நீட்டினார். கொஞ்சம் ஆடத்தான் ஆடியது. மகளோ சாப்பாட்டு வரிசையில் தன்னை முந்திய ஒருத்தியோடு போட்ட சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தச் சண்டையில் அவள் ஜெயிப்பதற்குள் மைத்துனனின் ஒரு கன்னம் வழுவழுத்துவிட்டது.

"சிரிக்காதடா, வெட்டிடும்" என்றார் பஞ்சுக்கை, அடக்க முடியாமல் தானும் சிரித்தபடி.