கேபிள் அக்காவின் லோக்கல் சேனல்

வசந்தா அக்கா போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே ஹார்ட் அட்டாக்...

மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் எங்கள் தெருவில் இருந்தவர்களுக்கு அவர் கேபிள் அக்கா. கணவர் இறந்த பிறகு தொழிலைக் கையில் எடுத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடி மாடியாக ஒயர் இழுத்தவர்.

செட்டாப் பாக்ஸ் வருவதற்கு முன்னால் அவரிடம் சொந்தமாக ஒரு லோக்கல் சேனல் இருந்தது. மத்தியானம் பழைய படம். கீழே ஓடும் எழுத்தில் எங்கள் தெரு... காதுகுத்து, தண்ணி லாரி வரும் நேரம், காணாமல் போன ஆடு.

யாராவது இறந்தால் மட்டும் படத்தையே நிறுத்திவிடுவார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. பெயர், பட்டப்பெயர், எடுக்கும் நேரம்.

பட்டப்பெயர் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "நெஜப் பேரு போட்டா எவனுக்குப்பா தெரியும்? அப்பால யாரும் வர மாட்டாங்க."

ஒரு தடவை மளிகைக்கடை பூட்டியிருந்ததைப் பார்த்து யாரோ கிளப்பிவிட்ட புரளியை நம்பி, அண்ணாச்சிக்கே அஞ்சலி போட்டுவிட்டார். ஊரிலிருந்து வந்து இறங்கிய அண்ணாச்சி டீக்கடை டிவியில் அதைப் பார்த்துவிட்டு நேரே அக்கா வீட்டு மாடியேறிவிட்டார்.

அக்கா அவருக்கு டீ கொடுத்து உட்கார வைத்து, கண் முன்னாலேயே டைப் செய்தார். 'அண்ணாச்சி நலமாக இருக்கிறார். கடை திறந்திருக்கிறது.' ஒரு வாரம் ஓடியது. வியாபாரம் நல்லா இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்றாராம் அண்ணாச்சி.

அப்புறம் பழைய அனலாக் கேபிளை நிறுத்தி, செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்றார்கள். வீடு வீடாக பாக்ஸ் மாட்டிக் கொடுத்ததும் அக்காதான். அதில் எத்தனையோ சேனல் வந்தது, அவருடையது மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் முதலில் இறந்தது இஸ்திரி வண்டி மாமா. பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை. அக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது தட்டுவதற்கு அந்தக் கதவுகளும் இல்லை. பாதித் தெருவை இடித்து, இருந்தவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

காலையில் மகள் அழுதுகொண்டே கேட்டது ஒன்றுதான். "எல்லாருக்கும் எப்படிண்ணா சொல்றது? சேனலும் இல்லியே..."

நம் தெருக்காரர்கள் எங்கே இருந்தாலும் இதை ஷேர் செய்யுங்கள். போன் இல்லாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள்.

வசந்தா.
கேபிள் அக்கா.
அதே மாடி வீடு. இன்று மாலை நாலு மணிக்கு எடுக்கிறோம்.