கிணற்றில் விட்ட கெண்டை

1937இல் தருமபுரிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நரம்புச் சிலந்தி என்னும் புழுநோய் பற்றி ஆராய்ச்சி நடந்தது. ஆராய்ச்சி செய்தவர் டாக்டர் என்று பெயர். எண்ணியதும் எழுதியதும், சென்னைக்கு அறிக்கை கட்டி அனுப்பியதும் குமாஸ்தா குப்புராஜ். டாக்டர் செய்தது கையெழுத்து.

அதியமான்கோட்டைக்கு மேற்கே ஓர் ஊரில் படிக்கிணறு. சனங்கள் புண்காலோடு இறங்கித் தண்ணீர் மொள்வார்கள். புண்ணிலிருக்கும் புழு நீரில் குஞ்சு விடும். அதைக் குடித்தவன் காலில் அடுத்த வருடம் நூல்போல் புழு தலைநீட்டும். கெண்டை விட்டால் கிருமியைத் தின்றுவிடும் என்று டாக்டர் கண்டுபிடித்தார். 312 மீன் விட்டு, கிணற்றோரம் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

1938இல் அந்த ஊரிலிருந்து வந்த நோயாளிகள் 27. 1939இல் ஒருவரும் இல்லை. டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"கிணறு சுத்தம், படியை மூடத் தேவையில்லைன்னு எழுதுய்யா."

தான் எண்ணாத எண்ணை எழுதக் குப்புராஜுக்குக் கை வராது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். முதல் வீட்டு வாசலில் மாதம்மாள், கணுக்காலில் தொங்கிய புழுவைத் துடைப்பக்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வரலியாம்மா?"

"எதுக்குங்க? போன வருசம் எங்க வூட்டுக்காரரு வந்தாரு. ஒங்க ஆளு வெடுக்குன்னு இழுத்துப் புழுவ அறுத்துப்புட்டான். இன்னும் காலு மடங்கலீங்க. இந்த ஊர்ல எவனும் இனி அங்க வரமாட்டான். தெனம் ஒரு சுத்து, நாங்களே சுத்திக்கிறோம்."

"மீனு?"

"கொழம்புக்கு நல்லாத்தான் இருந்துச்சுங்க. இன்னும் நாலு உடச் சொல்லுங்க ஒங்க டாக்டர!"

குப்புராஜ் வீடு வீடாக எண்ணினார். நாற்பத்தொரு பேர். பெயர், வயது, எந்தக் கால் என்பது வரை குறித்துக்கொண்டார்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தபடி அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு வராதவன் நோயாளியே இல்லய்யா."

"காலுல புழு இருக்குதுங்களே."

"இருக்கட்டும். ரிஜிஸ்டர்ல இருக்கா?"

"நேத்தே எழுதிட்டேனுங்க."

"அந்தப் பக்கத்தைக் கிழி."

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்குதுங்க."

அறிக்கை பூஜ்யத்தோடுதான் போயிற்று. அதன் பின்னால் நாற்பத்தொரு பெயரையும் நகலெடுத்து, தன் பெயரை அடியில் போட்டு, டாக்டர் கண்ணெதிரேதான் குப்புராஜ் இணைத்தார்.

டாக்டர் சிரித்தார். "குமாஸ்தா எழுதினத எவன் படிப்பான்?"

சென்னையில் எவனோ ஒருவன் படித்தான். நான்காம் மாதம் இரண்டு உத்தரவுகள் வந்தன. கிணற்றுப் படியை மூடிச் சுவரெழுப்பி, கயிற்றில் நீர் இறைக்க உருளை வைக்க ஒன்று. குப்புராஜை அரூருக்கு மாற்ற, டாக்டர் கேட்டு வாங்கியது இன்னொன்று. சுவர் கட்டி முடிந்த அன்று டாக்டர் வந்து, தன் ஆராய்ச்சியின் வெற்றி என்று பேசி, இரண்டு மாலை வாங்கிக்கொண்டார்.

1942இல் குப்புராஜ் சொந்தச் செலவில் அந்த ஊருக்குப் போய் எண்ணினார். இரண்டே பேர். கிணற்றடியில் மாதம்மாள் கயிற்றை விட்டுவிட்டுக் கையைக் காட்டினாள்.

"பாருங்க, காப்புக் காச்சிப்போச்சு. படியிருந்தா எறங்கி மொண்டுக்குவோம். அத மூடச் சொன்ன பாவி எவன்னே தெரியல!"

"நாந்தாம்மா" என்றார் குப்புராஜ். "காலக் காட்டு."

அவள் வைதுகொண்டே காட்டினாள். இரண்டு காலும் சுத்தம். எழுதிக்கொண்டார்.